மறந்ததைக் கற்கும் பொறி

பன்னெடுங்காலத்திற்கு முன் கடலாய் இருந்த அரியலூர், இன்று சுண்ணாம்புக்கல் மிகுந்த நிலமாகும். சிமெண்டு ஆலைகளுக்குக் கல் சுமக்கும் லாரிகள் ஓயாது செல்லும் அதன் சாலைகளில், முன் செல்லும் கார் திடுமென அணைந்து நிற்பின் பெருந்தீங்கு விளையும். பாட்டரியைக் கழற்றி மீண்டும் பூட்டிய பின் சில கார்கள் அவ்வாறு நடுங்கி அணைவதுண்டு. அதற்குக் காரணம் யாது?

பழைய கார்களில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து தந்தது கார்புரேட்டர். இக்காலக் கார்களில் சிறியதொரு கணிப்பொறி அக்கலவையை அளவிட்டு ஆள்கின்றது. காற்றுப் புகும் வாயிலில் நாளடைவில் கரி படியும், வழி குறுகும். கணிப்பொறி அதனை உணர்ந்து, வாயிலைச் சற்று மிகுதியாகத் திறக்கக் கற்றுக்கொள்கின்றது. பாட்டரியைக் கழற்றியதும், பல வண்டிகளில் அக்கல்வி மறைந்துவிடும், கரியோ மறையாது. ஆதலின் காற்றுக் குறைந்து பொறி தடுமாறுகின்றது.

இதனை அறியாதார் பழுதற்ற உறுப்புகளை மாற்றிப் பொருளை இழப்பர். கைதேர்ந்த கம்மியரோ முதலில் பாட்டரி முனைகள் இறுகியுள்ளனவா எனக் காண்பர். பின்பு திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, விளக்கும் குளிர்சாதனமும் இன்றிப் பொறி சூடேறும்வரை இயங்க விடுவர்; அடுத்துக் குளிர்சாதனத்தோடும் சிறிது நேரம் இயக்குவர். நெரிசலற்ற சாலையில் சற்றுத் தொலைவு ஓட்டியும் நடுக்கம் தீராவிடின், கரியைத் துடைப்பர்.

மறந்ததைக் கடிதல் எளிது. மீண்டும் கற்கக் காலம் அளித்தலே அறிவுடைமை.