ஐந்து கேள்விகள்

சில ஆண்டுகளுக்கு முன், நமது ஊர்ப் பள்ளியின் பொன்விழா மலரைத் தொகுக்கும் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. பழைய ஆசிரியர்களையும் மாணவர்களையும் நேரில் கண்டு பேசி, பள்ளியின் ஐம்பதாண்டு வரலாற்றை எழுதித் தர ஒருவர் தேவைப்பட்டார். மாதச் சம்பளத்துக்கு ஆள் அமர்த்த வசதியில்லை. ஆதலின், எடுத்த பணிக்கு மட்டும் ஊதியம் பெற்று எழுதும் சுதந்திர எழுத்தாளர் ஒருவரைத் தேடுவதென முடிவு செய்து, நாளிதழில் விளம்பரம் கொடுத்தோம்.

"சிறந்த எழுத்தாற்றலும் சேவை மனப்பான்மையும் உடைய எழுத்தாளர் உடனடியாகத் தேவை. மாதிரிக் கட்டுரையுடன் விண்ணப்பிக்கவும். ஊதியம் தகுதிக்கேற்ப."

சுருக்கமாக எழுதிவிட்டோம் என்ற நிறைவு நமக்கு. மூன்று வாரங்களில் 63 கடிதங்கள் வந்தன. கவிதைத் தொகுப்பை அனுப்பியவர் உண்டு. தட்டச்சுச் சான்றிதழை அனுப்பியவர் உண்டு. நிரந்தர வேலை என்றெண்ணித் தம் குடும்ப நிலையை விவரித்தவரும் உண்டு. என்ன வேண்டுமென்று நாம் சொல்லாததால், அவரவர் தம்மிடம் இருந்ததை அனுப்பியிருந்தனர். பிழை அவர்களுடையதன்று.

ஒரு கடிதம் மட்டும் நம்மை உறங்க விடவில்லை. எழுதியவர் ஒரு பெண்மணி. மாதிரிக் கட்டுரை கேட்டிருந்தோம் அல்லவா? அதற்கென மூன்று முதியவர்களைத் தேடிச் சென்று பேசி, தம் ஊர் அஞ்சலகத்தின் கதையைப் பன்னிரண்டு பக்கங்களில் எழுதியிருந்தார். முடிவில் ஐந்து கேள்விகள் கேட்டிருந்தார். எத்தனை பக்கங்கள் எழுத வேண்டும்? எத்தனை பேரைச் சந்திக்க வேண்டும், பயணச் செலவு யாருடையது? எந்த நாளுக்குள் முடிக்க வேண்டும்? ஊதியம் எவ்வளவு, எப்போது கிடைக்கும்? எழுதியவர் பெயர் மலரில் இடம்பெறுமா?

ஐந்தில் ஒன்றுக்குக்கூட நம்மிடம் விடையில்லை.

அன்றுதான் நம் விளம்பரத்தை நாமே பிறர் கண்ணால் படித்தோம். 'ஊதியம் தகுதிக்கேற்ப' என்று எழுதினோமே, உண்மையில் எழுதுபவருக்கென்று ஒரு ரூபாயும் ஒதுக்கி வைக்கவில்லை. அச்சகத்தாருக்குத் தாளுக்கும் அட்டைக்கும் முன்பணம் கொடுத்திருந்தோம். அவரிடம் நாம் சேவை மனப்பான்மையைக் கேட்கவில்லை. எழுதுபவரிடம் மட்டும் ஏன் கேட்டோம்? எழுத்தும் உழைப்பே என்பதை மேடையில் பேசிய நாம், கணக்கேட்டில் மறந்துபோனோம்.

விழாக் குழுவினர் மீண்டும் கூடினோம். அந்த ஐந்து கேள்விகளுக்கும் முதலில் நமக்குள் விடை கண்டோம். பிறகே விளம்பரம் எழுதினோம். "பள்ளி வரலாறு, அச்சில் 60 பக்கங்கள், ஏறத்தாழ 15,000 சொற்கள். பன்னிரண்டு பேரை நேரில் கண்டு பேச வேண்டும். காலம் நான்கு மாதங்கள். ஊதியம் 30,000 ரூபாய், மூன்று தவணைகளில். பயணச் செலவு தனி. எழுதியவர் பெயர் இடம்பெறும். ஏற்கெனவே வெளிவந்த கட்டுரைகள் இரண்டின் படிகளை அனுப்புக. புதிதாக எதுவும் எழுத வேண்டா." விளம்பரச் செலவு மும்மடங்காயிற்று. வந்த கடிதங்களோ ஒன்பதே. ஒன்பதும் நாம் கேட்ட பணியைப் பற்றியே பேசின. தேர்வு ஒரே மாலையில் முடிந்தது.

உரிமை பற்றியும் அப்போதுதான் அறிந்தோம். சம்பளத்துக்கு அமர்ந்த பணியாளர் தம் பணியின் பகுதியாக எழுதுவதன் உரிமை, வேறு உடன்பாடு இல்லையெனில், பணி தருபவரைச் சேரும். சுதந்திர எழுத்தாளர் எழுதியதன் உரிமையோ எழுதியவருக்கே உரியது. அதை நாம் பெற வேண்டுமாயின், அவர் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். காலம் குறிக்காவிடில் ஐந்தாண்டுகள் என்றே கொள்ளப்படும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கூறுவது இது. பணம் கொடுத்தோம், எல்லாம் நமதே என்று எண்ணியிருந்த நமக்கு இது புதிய பாடம்.

அந்தப் பெண்மணிக்கே முதலில் எழுதினோம். அவர் அதற்குள் வேறு பணியை ஏற்றிருந்தார். நமக்காக எழுதிய பன்னிரண்டு பக்கங்களுக்குரிய தொகையைப் பணவிடை மூலம் அனுப்பி, மன்னிப்பும் கேட்டோம். தொகையைப் பெற்றுக்கொண்டார், ஒப்புகைச் சீட்டில் கையொப்பம் இருந்தது. வேறொன்றும் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டிய கடமையும் அவருக்கில்லை.

விழா மலரோ, ஆண்டறிக்கையோ, எதுவாயினும் எழுத ஒருவரை நாடும் அன்பர்களே, நாளிதழ் அலுவலகத்துக்குச் செல்லுமுன் ஒரு தாளில் அந்த ஐந்து கேள்விகளையும் எழுதி, எதிரே விடைகளை நிரப்புங்கள். விடை இல்லாத இடம் ஒன்றேனும் இருப்பின், விளம்பரம் கொடுக்கும் நாள் இன்னும் வரவில்லை.