ஒரே ஆற்றில் இரண்டு பாலங்கள்

நான் இத்தாலிக்குப் போனதில்லை. எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆளே நான்தான். ஃபிளாரன்ஸ் நகரத்தைப் பார்த்தது நம்ம நூலகத்துப் புத்தகத்தில். பார்க்கக் காரணம், ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பரில் வளைவுக் கணக்கில் கோட்டை விட்டு அரியர் வைத்ததுதான்.

அர்னோ ஆற்றின் மேல் அடுத்தடுத்து இரண்டு கல் பாலங்கள். பொன்டே வெக்கியோ 1345-ல் கட்டியது. 1333 வெள்ளம் பழைய பாலத்தை அடித்துப்போன பிறகு வந்தது. நடு வளைவு சுமார் 30 மீட்டர். உயரமோ அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ரோமானியர் பாணி அரைவட்டம் என்றால் 15 மீட்டர் உயரம் வேண்டும்! மற்றது சான்டா திரினிட்டா. அம்மன்னாட்டி வடிவமைத்து 1567-ல் வேலை தொடங்கியது. வளைவு நீள்வட்டம் போல மெல்லிசாக இருக்கும். எனக்கு அதுதான் அழகு.

அப்பா கொத்தனார். படத்தைக் காட்டினேன். அழகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரெண்டு கரையையும் விரலால் தொட்டார்.

"வளைவு படுக்கப் படுக்க பக்கத்துல தள்ளும்டா. கரையில போட்ட கட்டு கெட்டியா இருந்தாத்தான் நிக்கும்."

நண்பர்களே, இதுதான் ஹரிசாண்டல் திரஸ்ட்! உயரம் குறைந்தால் அது கூடும். நான் பரீட்சையில் தலைகீழாக எழுதியது. அப்பாவின் தொழிலை வகுப்பில் சொல்லக் கூசியவன் நான். அன்றைக்கு அவரிடமே பாடம் கேட்டேன்.

1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மன் படை ஃபிளாரன்ஸ் பாலங்களைத் தகர்த்தது. வெக்கியோவை மட்டும் விட்டுவிட்டு, அதன் இரு முனையிலும் இருந்த வீடுகளை இடித்து வழியை அடைத்தது. திரினிட்டா ஆற்றுக்குள் போனது. கான்கிரீட்டில் கட்டியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் விழுந்த கற்களை ஆற்றிலிருந்து எடுத்து, போபோலி தோட்டத்துப் பழைய குவாரியையும் திறந்து, அதே வடிவத்தில் கட்டி 1958-ல் திறந்தார்கள். பாலத்து மூலையில் இருந்த வசந்தகாலச் சிலையின் தலை மட்டும் 1961-ல்தான் ஆற்றில் கிடைத்தது.

"பழைய கல்லை மறுபடி அதே எடத்துல வைக்கிறது புதுசா கட்டுறதவிட கஷ்டம்" என்றார் அப்பா. ஆனாலும் அவர் ஓட்டு வெக்கியோவுக்குத்தான். அதன் மேல் வரிசையாகக் கடைகள். இறைச்சிக் கடைகளை 1593-ல் வெளியேற்றிப் பொற்கொல்லர்களை வைத்தார்களாம், இன்றும் நகைக்கடைகள்தான்.

"மேல கடை இருந்தா தெனம் நாலு பேரு பாத்துக்குவாங்க. விரிசல் விட்டா ஒடனே தெரியும்."

இதற்கு எந்தப் புத்தகத்திலும் ஃபார்முலா இல்லை. நான் இன்னும் திரினிட்டா கட்சிதான். அரியர் பேப்பருக்குப் பணம் கட்டியாச்சு, அக்டோபரில் எழுதுகிறேன்.

— மூன்றாமாண்டு சிவில் மாணவன்