மண் போர்த்திய வீடு

சொந்த வீடு என்னும் சொல்லுக்கு எத்துணைக் கனம் உண்டு என்பதை, வாடகை வீட்டில் பிள்ளைகளை வளர்த்த பெற்றோரே நன்கு அறிவர். புது வீடு மந்திரிக்க நாம் செல்லும் இல்லங்கள் பலவற்றில், தீர்த்தம் தெளித்து முடிந்தபின், குடும்பத் தலைவர் நம்மைத் தனியே அழைத்துச் சென்று பேசுவது மாதத் தவணையைப் பற்றித்தான். வீடு எழும்பிவிட்டது, நிம்மதி இன்னும் குடிபுகவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன், நம் பங்கின் கிளை ஊரைச் சேர்ந்த கொத்தனார் ஒருவர் தம் மனைவியுடன் பங்கு இல்லத்திற்கு வந்தார். மலையடிவாரத்தில் சரிவாகக் கிடக்கும் எட்டு சென்ட் நிலம் தந்தை வழியில் அவருக்குக் கிடைத்திருந்தது. ஊர் ஊராய்ப் பிறருக்கு வீடு கட்டிய கைகள் அவருடையவை. தமக்கென்று ஓர் அறையும் அவர் கட்டியதில்லை.

“சாமி, கல்லும் சிமெண்டும் வாங்கப் பணம் இல்ல. நிலம் இருக்கு, கை இருக்கு. மேட்டைக் குடைஞ்சு மண்ணுக்குள்ளேயே ஒரு வீடு கட்டிக்கிட்டா என்ன?” என்று அவர் கேட்டார்.

அருகில் நின்ற மனைவி, “மண்ணு சரிஞ்சா பிள்ளைங்க கதி என்னன்னு அதையும் சாமிகிட்ட கேளுங்க” என்றார்.

இரண்டும் நியாயமான கேள்விகளே. இரண்டுக்கும் விடை தேடி நாம் படித்தவற்றையும், பொறியாளரிடம் கேட்டறிந்தவற்றையும் இங்கே வாசகர்களுக்கும் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

மண்ணுக்குள் வாழ்வது புதுமையன்று. நாசரேத்தில் 1955 முதல் பிரான்சிஸ்கன் துறவி பகாத்தி நடத்திய அகழாய்வில், பாறையில் குடைந்த அறைகளும் தானியக் குழிகளும் நீர்த்தொட்டிகளும் வெளிப்பட்டன. குகையைப் பின்னறையாகவும், அதன் முன்னே கல்லால் எழுப்பிய பகுதியை முன்னறையாகவும் கொண்டு அவ்வூர் எளிய மக்கள் வாழ்ந்தனர் என்று அறிகிறோம். ஆஸ்திரேலியப் பாலை நிலத்தில் கூபர் பீடி என்றோர் ஊர் உண்டு. 1915இல் அங்கே ஓப்பல் என்னும் மணிக்கல் கிடைத்தது. அதைத் தோண்ட வந்தவர்கள் குன்றுகளைக் குடைந்து வீடுகளும் அமைத்துக்கொண்டனர். வெளியே 45 டிகிரியைத் தாண்டும் கோடையிலும் அவ்வீடுகளுக்குள் 25 டிகிரிக்கு மேல் ஏறுவது அரிது. புனித பேதுரு, பவுல் பெயரால் அமைந்த கத்தோலிக்க ஆலயமும் அங்கே நிலத்தடியில்தான் இருக்கிறது.

இந்தக் குளிர்ச்சியின் காரணம் எளிது. பகல் வெப்பமும் இரவுக் குளிரும் மண்ணில் இரண்டு மூன்று அடிக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. இருபது முப்பது அடி ஆழத்திலோ கோடை, மழை என்னும் வேறுபாடும் மறைந்து, அவ்வூரின் ஆண்டுச் சராசரி வெப்பமே நிலையாக நிற்கிறது. மண் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. மாற்றத்தைத் தடுக்கிறது, அவ்வளவே.

செலவைப் பொறுத்தவரை, கொத்தனாரின் ஆசைக்கு முன்னோடி ஒருவர் உண்டு. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் மைக் ஓலர் என்பவர் 1971இல் ஏறக்குறைய ஐம்பது டாலர் செலவில் நிலத்தடி வீடொன்றைத் தம் கையாலேயே கட்டினார். 1978இல் அம்முறையை நூலாகவும் எழுதினார். மரத்தூண்களை நட்டு, பலகை அடித்து, வெளிப்புறம் பாலிதீன் விரித்து, அதன்மேல் மண்ணைத் தள்ளுவது அவருடைய முறை. எல்லாவற்றிலும் சிறந்தது மற்றொன்று: மேட்டுப் பக்கத்திலும் ஒரு முற்றம் வெட்டவேண்டும் என்றார் அவர். சரிவில் இறங்கிவரும் மழைநீர் சுவரில் மோதாமல் அம்முற்றத்தின் வழியே விலகும். வெளிச்சமும் காற்றும் இருபுறமும் கிடைக்கும்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையின் கூரைமேல் ஓரடி உயரம் மண் பரப்பினால், மழையில் ஊறியபின் அதன் எடை ஆறு டன்னுக்கு மேல் இருக்கும். ஓட்டு வீட்டின் சட்டமும் கைமரமும் இதைத் தாங்குமா? பக்கச் சுவரை மண் வெளியிலிருந்து உள்ளே தள்ளிக்கொண்டிருப்பதும் மறக்கத்தக்கதன்று. அந்தத் தள்ளலைக் கணக்கிடாத சுவர், ஒரு நாள் உள்நோக்கி வயிறு தள்ளும்.

வரலாறும் எச்சரிக்கிறது. சீனத்தின் ஷான்சி பகுதியில் மண் குன்றுகளைக் குடைந்து மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தனர். 1556 ஜனவரி 23ஆம் நாள் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் அக்குகைகள் இடிந்து விழுந்தன. மாண்டோர் 8,30,000 பேர் என்பது வழிவழி வந்த கணக்கு. தென் இத்தாலியின் மத்தேரா நகரிலோ குகை வீடுகள் விழவில்லை. ஆனால் காற்றோட்டமின்றி, கால்நடையோடு ஒரே அறையில், ஈரத்திலும் நோயிலும் ஏழைகள் வாடினர். 1952இல் அரசு சட்டம் இயற்றி, ஏறத்தாழ 15,000 பேரைப் புது வீடுகளுக்குக் குடிபெயர்த்தது. அதே குகைகள் பின்னர் சீர்செய்யப்பட்டு, 1993இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயின. குற்றம் மண்ணுடையதன்று, காற்றும் வடிகாலும் இல்லாத வறுமையுடையது என்பது இதனால் விளங்கவில்லையா?

நம் நாட்டு நிலைமை தனியே எண்ணத்தக்கது. நம் சமவெளியில் ஆண்டுச் சராசரி வெப்பமே ஏறக்குறைய 28 டிகிரி. எனவே மண் வீடு நமக்கு நண்பகல் வெயிலைத் தணிக்குமேயன்றி, குளிர்நாட்டு நூல்கள் சொல்லும் அளவுக்குச் சுகம் தராது. புழுக்கக் காற்று உள்ளே தங்கினால் சுவர் வியர்க்கும். துணிமணி பூசணம் பிடிக்கும். மண்ணில் நட்ட மரத்தைக் கறையான் விடாது. கரிசல் நிலமோ நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதை ஒட்டி எழுப்பிய சுவருக்கு ஓய்வே இல்லை. மலைச்சரிவின் அபாயத்தையோ, 2024 ஜூலை 30ஆம் நாள் வயநாட்டில் உறங்கிக்கொண்டிருந்த குடும்பங்களை நிலச்சரிவு வாரிச் சென்றதைக் கேட்டவர் எவரும் மறக்க இயலாது.

ஆகவே அந்தத் தம்பதியரிடம் நாம் சொன்னது ஒன்றே: “தம்பி, நிலத்தில் ஆறடிக் குழி ஒன்று வெட்டு. மேலே கூரை போடாதே. ஐப்பசியும் கார்த்திகையும் போகட்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே இரு.”

அவர்கள் பொறுத்திருந்தார்கள். அடைமழை பெய்த வாரத்தில் குழியின் மேட்டுப் பக்கத்தில், மூன்றாம் அடியில், நீர் கசிந்தது. மழை நின்று எட்டு நாளாகியும் கசிவு நிற்கவில்லை. அங்கே குடைந்திருந்தால் அந்த ஊற்றின் வாயில் அல்லவா பிள்ளைகள் படுத்திருப்பார்கள்?

மேட்டைக் குடையும் எண்ணத்தைக் கொத்தனார் கைவிட்டார், மண்ணைக் கைவிடவில்லை. தாழ்வான பகுதியில் தரைக்கு மேலேயே கருங்கல் சுவர் எழுப்பினார். வெயில் தாக்கும் மேற்கிலும் தெற்கிலும் சுவரை ஒட்டி நெஞ்சளவு மண்ணை அணைத்தார். மண் அணையும் சுவரின் கனத்தைப் பொறியாளர் கணக்கிட்டுக் கொடுத்தார். சுவருக்குத் தார் பூசி, பாலிதீன் விரித்து, அடியில் சரளைக்கல் நிரப்பித் துளைக்குழாய் பதித்து, நீர் சரிவில் ஓடிப்போக வழி செய்தார். கூரைக்கு மண் இல்லை, ஓடுதான். கிழக்கும் வடக்கும் சன்னல்களோடு திறந்திருக்கின்றன. மனைவி மண் சுமந்தார். மூத்த மகன் பள்ளி விட்டு வந்து சரளை சலித்தான். வேலை முடிய ஒன்றரை ஆண்டு ஆயிற்று. வட்டிக்கு வாங்கிய கடன் ஒரு காசும் இல்லை. சித்திரை வெயிலில் நாம் அங்கே அமர்ந்திருக்கிறோம். மேற்குச் சுவரில் கை வைத்தால் சுடுவதில்லை.

வாசகர்களுள் இத்தகைய எண்ணம் கொண்டோர் இருப்பின், சிலவற்றை மனத்தில் இருத்துவார்களாக. மண்ணின் தன்மையையும் சரிவின் உறுதியையும் அறிந்தவரிடம் காட்டிய பிறகே வெட்டத் தொடங்குங்கள். கூரைமேல் மண் இடுவதானால், பொறியாளரின் கணக்கின்றி ஒரு கூடையும் இடாதீர்கள். மண் சூழ்ந்த வீட்டிற்கு வெளியேறும் வழி இரண்டாவது இருக்கட்டும். அடைத்த அறைக்குள் கரி அடுப்பு மூட்டவே வேண்டாம். அதன் நச்சுப் புகைக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பாறையைக் குடைந்த அறைகளில் ராடான் என்னும் கதிரியக்க வாயு தேங்குவதும் உண்டு. அதற்கும் நல்ல காற்றோட்டமே பாதுகாப்பு.

இவை அனைத்திற்கும் முன்னே ஒரு குழி, ஒரு பருவமழை. கையில் காசு குறைந்தவர்க்கும் அவ்வளவு பொறுமை கைகூடும். நாலு மாதம் காத்திருப்பது, நாற்பது ஆண்டு குடியிருக்கப்போகும் பிள்ளைகளுக்கு நாம் செலுத்தும் சிறு கடன் அன்றோ?