ஒரே கஜானா, இரண்டு கைகள்

பிள்ளைகளின் விளையாட்டில் பெரியவர்களுக்கு என்ன பாடம் இருந்துவிடப் போகிறது என்று எண்ணியிருந்தவன் நான். 20 ஆண்டுகளாக மதரஸாவில் பாடம் சொல்லித் தரும் எனக்கு, சென்ற கோடை விடுமுறையில் 13 வயது மகன் ஒரு பாடம் சொல்லித் தந்தான்.

ஆர்.எஸ்.புரத்தில் டி.பி. ரோட்டை அடுத்த சந்து ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. மர்ஹூம் அத்தா கட்டியது. அவருக்கு நானும் என் அண்ணனும் இருவரே பிள்ளைகள். அம்மா முன்பே காலமாகிவிட்டார். ஆகவே வீட்டில் இருவருக்கும் சம பங்கு. விற்றுவிடலாம் என்றார் ஈரோட்டில் வசிக்கும் அண்ணன். கூடாது என்றேன் நான். அதன்பின் 2 ஆண்டுகளாகப் பெருநாள் வாழ்த்தைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லை.

ஒரு நாள் இஷா முடிந்து வீடு திரும்பினேன். கூடத்திலிருந்த கணினியின் முன் காதுக்கருவியுடன் அமர்ந்திருந்த மகன், "மரத்தைத் தொடாதீங்க அண்ணா! வீடு கட்டணும்!" என்று கூவினான். எதிர்முனையில் யார் என்று கேட்டேன். தயங்கித் தயங்கி, "பெரியத்தா மகன்" என்றான்.

கண்டிக்க வந்தவன் அருகில் அமர்ந்துவிட்டேன். 1999-இல் வெளிவந்து, 2019-இல் புதுப்பிக்கப்பட்ட 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகம் அது. சுல்தான் ஸலாஹுத்தீனின் வரலாறு அதில் தொடக்கத்திலிருந்தே ஓர் அத்தியாயமாக இருக்கிறதாம். 2022-இல் திராவிடர் என்ற பெயரில் நம் தென்னகமும், இராஜேந்திர சோழனின் படையெடுப்பும் சேர்க்கப்பட்டன. உணவு, மரம், தங்கம், கல் ஆகிய நான்கையும் திரட்டி, ஊரமைத்து, படை நடத்த வேண்டும். எதிரி நம் முறைக்காகக் காத்திருப்பதில்லை.

சாதாரணமாக ஆளுக்கொரு நாடு. ஆனால் இருவர் ஒரே நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் இருவருக்கும் ஒரே நாடு, ஒரே கஜானா. எந்த வீரனுக்கும் இருவரில் எவரும் கட்டளையிடலாம். பிந்திய கட்டளையே நிற்கும். 1998-இல் வந்த 'ஸ்டார்கிராஃப்ட்' விளையாட்டிலேயே இம்முறை உண்டு. அதன் இரண்டாம் பாகத்தில் 2015-இல் இதற்கு 'ஆர்க்கன்' என்று பெயரிட்டார்கள். அக்கதையில் இரு வீரர்கள் இணைந்து உருவாகும் ஒரே உருவத்தின் பெயர் அது.

கேட்பதற்கு எளிது, ஆடுவது கடினம். ஒரு வீட்டுக்கு 25 மரம் வேண்டும். அதில் 5 பேருக்கு இடம். வீடில்லையேல் புதிய ஆள் பிறக்கமாட்டான். தம்பி வீட்டுக்கென்று சேர்த்த மரத்தை அண்ணன் கப்பலுக்குச் செலவிட்டுவிட்டான். இவன் வயலுக்கு அனுப்பிய ஆளை அவன் சுரங்கத்துக்கு அனுப்பினான். இருவருமே உழைத்தார்கள், நாடோ தேய்ந்தது.

பிறகு பேசிக்கொண்டார்கள். விளைச்சலும் கட்டடமும் தம்பிக்கு, படை அண்ணனுக்கு. பெருஞ்செலவு என்றால் முதலில் சொல்லிவிட வேண்டும். நாடு நிமிர்ந்தது. ஆயினும் காலம் கடந்துவிட்டதால் தோற்றார்கள். தோற்றவர்கள் சிரித்தார்கள்!

"யாருடைய தவறு?" என்றேன்.

"ரெண்டு பேரும் ஒரே நிறம்தானே அத்தா! யார் மேல பழி போடறது?" என்றான் மகன்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அண்ணனைக் கேளாமல் மேல்தளத்தைப் பழுதுபார்த்துவிட்டு, பாதிச் செலவை அவரிடம் கேட்டவன் நான். என்னைக் கேளாமல் தரகரை அழைத்து வந்தவர் அவர். இருவரும் ஒரே வீட்டுக்குத் தனித்தனியே கட்டளையிட்டுக் கொண்டிருந்தோம். மஷூராவின் சிறப்பை மாணவர்களுக்கு எத்தனை முறை விளக்கியிருப்பேன்! சொந்த வீட்டில் அதை மறந்துவிட்டேனே!

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் அண்ணனை அழைத்தேன். முதலில் மௌனம், பிறகு, "மாடி ஒழுகுதா இன்னும்?" என்று கேட்டார். மாடியைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம்.

வீடு இன்னும் விற்கப்படவில்லை, பாகமும் பிரியவில்லை. கருத்து வேற்றுமையும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு வெள்ளியும் பேசுகிறோம். ஒருவரைக் கேளாமல் மற்றவர் அந்த வீட்டில் ஓர் ஆணியும் அடிப்பதில்லை.

பெற்றோர்களே! விளையாட்டில் கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விளையாட்டு அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 முதல் அது நடைமுறையில் உள்ளது. எங்கள் வீட்டில் கணினி கூடத்தில்தான், அறிமுகமற்றவருடன் ஆட்டமில்லை, நாளுக்கு ஓர் ஆட்டம், அதுவும் தொழுகை நேரம் பார்த்தே. ஆயினும் தடுப்பதற்கு முன் ஒரு முறை அருகில் அமர்ந்து பாருங்கள். நாம் அறுத்த உறவை நம் பிள்ளைகள் ஓசையின்றி முடிந்துகொண்டிருக்கக் கூடும்.