எலும்பிலிருந்து விறகுக்கு

ஷா ஆலமில் விறகு எரிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆடியில் கூழ் ஊற்றும் கோவில்கள், பொங்கலுக்கு வாசலில் அடுப்பு கூட்டும் வீடுகள், அன்னதானத்துக்கு அண்டா ஏற்றும் இடங்கள் எல்லாவற்றுக்கும் விறகு வேண்டும். எங்கள் குடும்பத்தில் அந்தப் பொறுப்பு சித்தப்பாவுடையது. தோட்டத்தில் பால்மரம் சீவியவர், இப்போது எழுபதை நெருங்குகிறார். மழையில் சாய்ந்த மரம், பக்கத்து வீட்டில் வெட்டிப் போட்ட ரம்புத்தான் கிளை, மறுநடவுக்குத் தள்ளிய ரப்பர் மரத்தின் மிச்சம் என எது கிடைத்தாலும் கொண்டுவந்து, பாராங் கத்தியாலும் கை ரம்பத்தாலும் துண்டு போட்டு அடுக்குவார். போன ஆடிக்குப் பிறகு வலது தோளைத் தூக்க முடியவில்லை. அவருக்கு ஒரு செயின்சா வாங்கிக் கொடுப்பதென்று முடிவாகி, வாங்கும் வேலை என்னிடம் வந்தது.

கிள்ளான் கடைகளில் முதல் கேள்வியே எத்தனை இஞ்சி, எத்தனை சிசி என்பதுதான். அந்த எண்களை மட்டும் வைத்து முடிவெடுக்க எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கருவியை முதலில் யார் செய்தார், எந்த வேலைக்குச் செய்தார் என்று தெரிந்தால், சித்தப்பாவின் வேலைக்கு அதில் எது தேவை, எது தேவையில்லை என்பதும் தெரியும். ஷா ஆலம் 13ஆம் பிரிவில் உள்ள ராஜா துன் ஊடா நூலகத்தில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். காட்டுக்குப் போகும் என்று நினைத்த தேடல் பிரசவ அறைக்குப் போனது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி. பிள்ளை வெளியே வர முடியாமல் சிக்கிக்கொண்டால் தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து. அந்தக் காலத்தில் சிசேரியன் செய்தால் தாய் பிழைப்பது அரிது. 1777இல் பாரிசில் ழான் ரெனே சிகோ என்ற மருத்துவர், இடுப்பெலும்பின் முன்புற மூட்டை வெட்டி விரித்துப் பிள்ளையை எடுத்தார். வேறு மருத்துவர்களும் அந்த முறையைக் கையாளத் தொடங்கினார்கள். ஆனால் சாதாரணக் கத்தி மெதுவாகத்தான் அறுக்கும், பக்கத்துத் தசையையும் கிழிக்கும். எடின்பரோவில் ஜான் எய்ட்கன் 1785இல் வெளியிட்ட பேறுகால மருத்துவ நூலில் இதற்கு ஒரு வழி காட்டினார். கடிகாரச் சங்கிலி போன்ற மெல்லிய சங்கிலி, அதன் ஓரத்தில் பற்கள், இரு முனையிலும் கைப்பிடி. எலும்பைச் சுற்றிக் கோத்து மாறி மாறி இழுத்தால் அறுக்கும். கிளாஸ்கோவின் உடற்கூறு பேராசிரியர் ஜேம்ஸ் ஜெஃப்ரேயும் அதே காலத்தில் அதே யோசனைக்கு வந்தார். அழுகிய மூட்டெலும்பை அகற்ற அதைப் பயன்படுத்தலாம் என்பது அவர் எண்ணம்.

இதைக் கேட்கிறவர்கள், இப்போது மரம் அறுக்கும் இயந்திரத்தையே அப்போது பெண்கள் மேல் வைத்ததாக நினைத்துக்கொண்டு பதறுகிறார்கள். அது உண்மையல்ல. அதில் இயந்திரமே இல்லை. உள்ளங்கையில் சுருட்டி வைக்கக்கூடிய நுண்ணிய கருவி அது. என்றாலும், மயக்க மருந்து இல்லாத காலத்தில் அதைத் தாங்கிக் கிடந்த தாய்மார்களை நினைக்காமல் அந்தப் பக்கங்களைத் தாண்ட என்னால் முடியவில்லை. தோட்டத்து லயங்களில் மருத்துவச்சியின் கையை மட்டும் நம்பிப் பிள்ளை பெற்ற எங்கள் பாட்டிமார் நினைவும் கூடவே வந்தது.

சங்கிலியைத் தகட்டின் விளிம்பில் ஓடவிட்டவர் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரத்து பெர்ன்ஹார்ட் ஹைனே. 1830இல் அவர் செய்த எலும்பு வெட்டும் கருவியில், கைப்பிடியைச் சுழற்றினால் பல்சக்கரம் சங்கிலியைத் தகட்டைச் சுற்றி ஓட்டும். இன்றைய செயின்சாவின் உருவம் அதில்தான் முதலில் தெரிகிறது. மண்டையோட்டைக்கூட அதிர்ச்சியும் சிதறலும் இல்லாமல் வெட்ட முடிந்தது.

மரத்துக்கு வந்தது பிறகுதான். சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த சாமுவேல் பென்ஸ் 1905இல் முடிவில்லாச் சங்கிலி ரம்பத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1926இல் ஆண்ட்ரியாஸ் ஸ்டில், மரத்தை ரம்பத்திடம் இழுத்து வராமல் ரம்பத்தை மரத்திடம் கொண்டு போக வேண்டும் என்று மின்சாரத்தில் ஓடும் ஒன்றைச் செய்தார். எடை 60 கிலோவுக்கு மேல், தூக்க இரண்டு ஆள். அடுத்த ஆண்டே எமில் லெர்ப், துரிங்கியாவின் டோல்மார் மலையில் பெட்ரோல் ரம்பத்தை ஓட்டிப் பார்த்தார். டோல்மார் என்ற வணிகப் பெயர் அந்த மலையிலிருந்து வந்தது. ஒற்றை ஆள் தூக்கும் ரம்பங்கள் பரவலானது 1950களில்தான்.

ஆனால் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தவர் இவர்களில் யாரும் இல்லை. ஜோ காக்ஸ் என்ற அமெரிக்க மரம் வெட்டி. ஓரிகன் காட்டில் வேலை செய்தவர். அந்தக் காலத்துச் சங்கிலிகள் கை ரம்பத்தின் பல்லையே பின்பற்றியவை. மரத்தைச் சுரண்டும், சீக்கிரம் மழுங்கும், அரத்தால் தீட்டியே பொழுது போய்விடும். 1946இன் இலையுதிர் காலத்தில் ஒரு நாள் விறகு வெட்டிக்கொண்டிருந்தவர், ஒரு கட்டையில் விரல் பருமனுள்ள வண்டுப்புழு ஒன்றைக் கண்டு நின்றுவிட்டார். உறுதியான மரத்தை அது இழையோட்டத்தின் வழியாகவும் குறுக்காகவும் தடையில்லாமல் தின்றுகொண்டே போனது. கூர்ந்து பார்த்ததில், அதன் இரு தாடைகளும் இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்தன. காக்ஸ் அதே வளைவில், இடப்பல் ஒன்று வலப்பல் ஒன்று என மாறி மாறி வரும் சங்கிலியைத் தம் வீட்டு நிலவறைப் பட்டறையில் செய்தார். 1947இல் அது விற்பனைக்கு வந்தது. இன்று கிள்ளான் கடையில் தொங்கும் எந்தச் செயின்சாவின் சங்கிலியும் அந்த வழியில் வந்ததுதான். விறகு வெட்டிய ஒருவரின் கண்ணில் பட்ட புழு சித்தப்பாவின் விறகுக்கு உதவப் போகிறது என்பது எனக்குச் சொல்ல முடியாத மகிழ்ச்சியைக் கொடுத்தது. ரப்பர் கட்டையைச் சில வாரம் வெளியில் போட்டால் துளைக்கிற வண்டை அவருக்கும் நன்றாகத் தெரியும்.

இனி நம் மண். ஷா ஆலம் நகரமே சுங்கை ரெங்கம் தோட்டத்தின் மேல் எழுந்தது. 1978இல் சிலாங்கூரின் தலைநகரானது. மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி தோட்டம் போன பிறகும் பழைய பெயரோடு இங்கே நிற்கிறது. அந்தத் தோட்டங்களில் ரப்பர் ஷீட்டுகளைப் பல நாள் புகை போட்டுக் காய வைக்க, ரப்பர் விறகே எரிந்தது. லயத்து அடுப்பிலும் அதுதான். 25, 30 ஆண்டில் பால் குறைந்ததும் மரத்தைச் சாய்ப்பார்கள், விறகுக்குக் குறைவிருக்காது. பிறகு கெப்போங் வன ஆய்வு நிலையத்தின் ஆய்வுகள் உட்படப் பல முயற்சிகளால், பூஞ்சணமும் வண்டும் அரிக்கும் ரப்பர் பலகையை மருந்தேற்றிக் காப்பாற்ற வழி பிறந்தது. 1980களிலிருந்து நேரான அடிமரம் மேசை நாற்காலிக்குப் போய்விடுகிறது. விறகுக்கு மிஞ்சுவது கிளையும் கோணல் கட்டையும்.

என் தேர்வை முடிவு செய்தது இந்தச் செய்திதான். சித்தப்பாவிடம் வருவது பெரும்பாலும் ஒரு சாண் தடிமன்கூட இல்லாத கட்டை. அதற்கு 12 இஞ்சித் தகடு போதும். 18 இஞ்சி வாங்கினால் கூடுதல் எடையைத் தோள் சுமக்கும். நீளத் தகட்டின் நுனி, பின்னால் கிடக்கும் கட்டையில் படுகிற வாய்ப்பும் கூடும். நுனியின் மேற்பகுதி எதிலாவது பட்டால் ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆளை நோக்கித் தெறித்துத் திரும்பும். விறகுக் குவியலில் இது எளிதில் நடக்கும். கைக்கு முன்னால் உள்ள தடுப்பைத் தட்டினால் சங்கிலி நிற்கும் பிரேக் 1970களில் பரவியது, எத்தனையோ பேர் காயப்பட்ட பிறகு. அதிர்வைத் தாங்கும் கைப்பிடியும் அப்படித்தான். நாள் முழுதும் ரம்பம் பிடித்த தொழிலாளர்களின் விரல்கள் இரத்த ஓட்டம் குன்றி வெளுத்துப்போனதைப் பல நாடுகளில் கண்ட பிறகுதான் அது பரவலானது. பிரேக் இல்லாத மலிவு மெஷினைக் கடைக்காரர் எடுத்து நீட்டியபோது நான் வேண்டாம் என்றேன்.

பெட்ரோலா பேட்டரியா என்பதில் வீட்டில் வாக்குவாதம் நடந்தது. தினமும் அறுப்பவருக்குப் பெட்ரோல் சரி. ஆண்டுக்குச் சில நாள் அறுப்பவருக்கு அப்படியில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் என்று அளந்து கலக்க வேண்டும். கலந்தது மாதக்கணக்கில் தங்கினால் கார்புரேட்டரில் பிசின் கட்டும். அடுத்த விசேஷத்துக்குக் கயிற்றை இழுத்து இழுத்தே அவர் தோள் போய்விடும். பேட்டரி மெஷினில் இழுக்கக் கயிறு இல்லை. வரிசை வீடுகளுக்கு நடுவே சத்தமும் குறைவு. சங்கிலியைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்ற வேண்டும், சங்கிலி எண்ணெய் தீராமல் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் சித்தப்பாவிடம் சொல்லித்தான் கொடுத்தேன்.

மெஷினுக்கு ஒதுக்கிய காசில் ஒரு பங்கை வேறு பொருள்களுக்கு மாற்றினேன். முகத் திரையும் காது மூடியும் உள்ள தொப்பி, 4 மில்லிமீட்டர் உருட்டு அரம், தொடைக் காப்பு. காப்பின் உள்ளே இருக்கும் நீள இழைகள் சங்கிலி பட்டால் வெளியே வந்து பல்சக்கரத்தில் சிக்கி ஓட்டத்தை நிறுத்தும். பேட்டரி ரம்பத்தின் இழுவிசை வேறு மாதிரி என்பதால் காப்பையே முழுதாக நம்பவும் கூடாது.

"இந்த வெயில்ல இத மாட்டிக்கிட்டா எப்படிம்மா?" என்றார் சித்தப்பா.

"காலையில ஏழு மணிக்கு ஆரம்பிங்க சித்தப்பா, ஒன்பதுக்குள்ள நிறுத்திடுங்க. தனியா மட்டும் அறுக்காதீங்க" என்றேன்.

கட்டையை வைத்து அறுக்க எக்ஸ் வடிவத் தாங்கியைக் கடையில் வாங்க அவர் விடவில்லை, தாமே அடித்துக்கொள்வாராம். சித்திரை பிறந்துவிட்டது. பச்சை ரப்பர் கட்டை காய வேண்டுமே, ஆடிக் கூழுக்கான விறகை இந்த மாதத்துக்குள் அறுத்து அடுக்கியாக வேண்டும்.