பெயர் எழுதிய பாறை

சென்ற ஆண்டு கல்விச் சுற்றுலாவில் கழுகுமலை ஏறினோம். பள்ளிச் சிறுவனாக வந்தபோது ஒரு பாறையில் ஆணியால் நான் கீறிய என் பெயர் அழியாமல் இருந்தது. தலைகுனிந்தேன்.

அங்குள்ள சமணச் சிற்பங்களின் அடியிலும் பெயர்கள்! எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் அவற்றைச் செய்வித்த ஆண்கள், பெண்கள், மாணாக்கர்களின் பெயர்களும் ஊர்களும் வட்டெழுத்தில் உள்ளன.

“அவர்கள் கொடுத்துவிட்டு எழுதினார்கள், நாம் கெடுத்துவிட்டு எழுதுகிறோம்” என்றார் பேராசிரியர். பிறகு ஓர் அட்டையில் என் பெயரை வட்டெழுத்தில் எழுதித் தந்தார்.

அதைப் பார்த்துப் பார்த்தே வட்டெழுத்து கற்கத் தொடங்கினேன். மூன்று முறை மீண்டும் மலையேறினேன். வருவோர்க்கெல்லாம் அடிவாரத்தில் இப்படியோர் அட்டை கிடைத்தால், பாறையும் பிழைக்கும்; வரலாறும் வீடுவரை வரும் அன்றோ?