பம் அடிக்குது, குளோரின் இல்லை

வைகாசி 11, திங்கள்

விடிய ஆறரைக்குக் கடைசி வீட்டுப் பைப்பில் தண்ணி பிடித்து, குளோரின் பார்க்கிற டிபிடி குளிசையைப் போட்டேன். இளஞ்சிவப்பு வரவேண்டும். குப்பியில் தண்ணி தண்ணியாகவே நின்றது. வீட்டுப் பைப்பில் வரும்போதும் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

பம் அறைக்கு ஓடினேன். குளோரின் கரைசலை விடுகிற டோசிங் பம் டிக், டிக் என்று அடிக்கிறது, பச்சை லைற்றும் மினுங்குகிறது. "அடிக்குதுதானே அண்ணை, பிறகென்ன?" என்றான் உதவிக்கு நிற்கிற தம்பி. கரைசல் தாங்கியில் நேற்றுப் பின்னேரம் பேனையால் கீறிய கோட்டைக் காட்டினேன். மட்டம் அந்தக் கோட்டிலேயே நின்றது.

உறிஞ்சுகிற ரியூப்பில் கடுகுகடுகாய்க் குமிழ்கள். தகரக் கூரையின் வெக்கைக்குக் குளோரின் கரைசல் தானாகவே சிதைந்து வாயு விடும். அது பம்மின் தலைக்குள் அடைபட்டால், உள்ளே இருக்கிற சவ்வு காற்றைத்தான் அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருக்கும். காற்றுத் திருகைத் திறந்து, குமிழ் போகுமட்டும் ஓடவிட்டேன். பின்னேரம் மெல்லிய சிவப்பு.

வைகாசி 12, செவ்வாய்

திரும்பவும் நிறமில்லை. குமிழும் இல்லை. பெரிய பைப்புக்குள் குளோரின் இறங்குகிற வால்வைக் கழற்றினேன். கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைப் பொருக்கு. துவாரத்துக்குள் ஈர்க்கும் போகாது. உரும்பிராயின் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். எங்கள் கிணற்றுத் தண்ணி அதற்குள்ளால் வருவது. குளோரின் கரைசல் காரமானது. இரண்டும் சந்திக்கிற இடத்திலேயே சுண்ணாம்பு கல்லாகிப் படிகிறது.

வினாகிரியில் ஊறவைத்தேன். அதற்கு முதல் வால்வை நல்ல தண்ணியில் நாலைந்து தரம் கழுவினேன். தம்பிக்கும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்: குளோரின் கரைசலில் அமிலம் பட்டால் எழும்புவது நச்சுவாயு, பூட்டிய அறையில் ஆளை விழுத்திவிடும்.

கரைசல் கலக்கவும் இதே கிணற்றுத் தண்ணியைத்தான் பாவித்து வந்தோம். தாங்கியின் அடியில் மாவாய் மண்டி. இனி மழைத்தண்ணி, இல்லாவிட்டால் சுண்ணாம்பு நீக்கின தண்ணி. வீண்செலவு என்று ஊர்த் தண்ணிக் குழுவில் யாரும் சொன்னால் வாதாட ஆயத்தமாக இருக்கிறேன். நிலத்தடிச் சுண்ணக்கல்லில் வெடிப்பும் பொந்தும் அதிகம். மலக்குழியும் கிணறும் ஒரே வளவில் இருக்கிற ஊரில் கிருமி வந்துசேர நாளெடுக்காது. (தோட்டத்துப் பசளையால் ஏறுகிற நைத்திரேற்றுக்குக் குளோரின் மருந்தல்ல, அந்தக் கவலை தனி.)

வைகாசி 14, வியாழன்

இன்று அளந்தே பார்த்தோம். கிணற்று மோட்டர் மணிக்கு 10,000 லீற்றர் இறைக்கிறது. லீற்றருக்கு 1 மில்லிகிராம் என்றால் மணிக்கு 10 கிராம் குளோரின். ஒரு வீதக் கரைசலில் அது 1 லீற்றர். நிமிடத்துக்கு ஏறத்தாழ 17 மில்லிலீற்றர். அளவுக் குழாயிலிருந்து பம் உறிஞ்சியதோ 9.

தலையைக் கழற்றினேன். சவ்வில் கீறல் இல்லை. கீழ் வால்வின் சின்னப் பந்து இருக்கிற பள்ளத்தில் ஒரேயொரு சுண்ணாம்பு மணி. அதனால் பந்து பொருந்தி உட்காராமல், தள்ளியதில் பாதி பின்னுக்கே வந்திருக்கிறது. கழுவிப் பூட்டி மீண்டும் அளந்தோம்: 16.

கடைசி வீட்டில் குப்பி சிவந்தது, 0.3. "தண்ணி மணக்குது மோனை" என்றார் அந்த வீட்டு ஆச்சி. குடத்தில் பிடித்து, வாயில் துணி கட்டிக் கொஞ்ச நேரம் வைத்தால் மணம் குறையும் என்றேன்.

வெக்கை குறையட்டும் என்று கரைசல் தாங்கியை ஓட்டுக் கொட்டிலுக்கு மாற்றியாயிற்று. புதுக் கோடு பின்னேரம் ஐந்தே காலுக்குக் கீறியது.